பின்முற்றத்து வீடும் முப்பது நாள் புத்தகமும்

1

1927ஆம் ஆண்டு மார்ச் மாதம் 14ஆம் திகதி, திங்கட்கிழமை. காலை ஐந்து பத்துக்கு எழுந்தேன். மழை இல்லை, தென்மேற்குக் காற்று. அடுப்பை மூட்டி மனைவி மதலேனுக்கு வெந்நீர் வைத்தேன். இரவில் அவள் நான்கு தடவை இருமி எழுந்தாள் என்று குறித்துக்கொண்டேன். தபசு காலம் ஆனபடியால் எனக்குச் சீனி போடாத கோப்பி. ஆறு மணிக்கு முப்பத்தொரு திறப்புகள் கோத்த வளையத்தை எடுத்துக்கொண்டு போய்க் கலாசாலையின் முன்வாசலைத் திறந்தேன். பெரிய மண்டபத்தின் கண்ணாடிக் கூரை இரண்டு இடத்தில் ஒழுகும். அவ்விரண்டு இடத்திலும் வைத்திருந்த வாளிகளைப் பார்த்தேன். ஒன்றில் இரண்டு விரற்கடை தண்ணீர், மற்றது வெறுமை. திங்கட்கிழமை மணிக்கூடு முடுக்குகிற நாள், முடுக்கினேன். பன்னிரண்டு வகுப்பறைகளிலும் மைக்கூடுகளை நிரப்பினேன். அப்போது ஏழு நாற்பது.

எட்டு மணிக்குச் செயலாளர் வந்து ஒரு தாளைத் தந்து, அறிவித்தற் பலகையில் குத்தச் சொன்னார். ஒரு தாளைக் குத்தும் முன் நான் அதை வாசிப்பதில்லை. முதலில் நான்கு மூலையிலும் ஊசி. பிறகு இரண்டடி பின்னால் நின்று அது நேராக இருக்கிறதா என்று பார்ப்பேன். அதன் பிறகுதான் வாசிப்பு. அன்றும் அப்படியே செய்தேன். நேராகத்தான் இருந்தது.

புதிய கட்டடம் பற்றிய ஆட்சிச் சபையின் முடிவுகள் அதில் பதினான்கு. பதினோராவது முடிவு இது: பின்முற்றத்திலுள்ள பொறுப்பாளர் வீடு இடிக்கப்படும். பொறுப்பாளரும் குடும்பத்தாரும் கிழக்குக் கட்டடத்தின் நிலக்கீழ் அறைகளுக்கு ஜூன் மாத முடிவுக்குள் மாறவேண்டும். முப்பது நாள் புத்தகத்தில் இது குறித்து ஆட்சேபம் எதுவும் பதியப்படவில்லை.

அந்தப் பொறுப்பாளர் நான். அந்தப் புத்தகத்துக்குப் பொறுப்பாக இருந்தவனும் நானே.

இந்த நாட்டில் நான் கப்பலை விட்டு இறங்கியதும் ஒரு மார்ச் 14தான். அன்றோடு பதினெட்டு வருடம் முடிந்தது. ஊரில், மன்னாரில், இதை வாசிக்கிறவர்களுக்கு இங்குள்ள சீவியத்தைப் பற்றி எழுதவேண்டும் என்று நெடுநாள் நினைத்திருந்தேன். எழுதக் கிடைத்தது இந்த நாள்தான்.

2

கலாசாலையின் பெயரையும் பட்டினத்தின் பெயரையும் எழுதவில்லை. சம்பளம் வாங்குகிற கந்தோரைப் பேர் சொல்லி வெளியில் எழுதுவது முறையல்ல. பிரான்சின் வடக்குக் கரையில் ஒரு துறைமுகம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இது வணிகக் கலாசாலை. வியாபாரம் செய்வது எப்படி என்பதை இங்கே மூன்று வருடம் படிப்பிக்கிறார்கள். ஊரில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள் என்று எனக்குத் தெரியும். மன்னார்க் கடைத்தெருவில் எவரும் மூன்று வருடம் படித்துவிட்டு வெங்காயம் விற்கவில்லை.

பிரஷ்யர்களோடு நடந்த யுத்தத்தில் தோற்ற பிறகு, தங்கள் பிள்ளைகள் கணக்கிலும் பிறமொழிகளிலும் பின்தங்கி நிற்பதால்தான் நாடு பின்தங்கியது என்று இந்தப் பட்டினத்துப் பருத்தி, கோப்பி வியாபாரிகள் சிலர் முடிவு செய்தார்களாம். முதல் வகுப்புகள் கப்பல்துறையில் ஒரு கோப்பிக் களஞ்சியத்தின் மேல்மாடியில் நடந்தன. அக்காலத்துப் பதிவேடுகள் என் பொறுப்பில் இருக்கின்றன. அவற்றைத் திறந்தால் இன்றைக்கும் கோப்பிக்கொட்டை மணக்கிறது.

பிறகு மேட்டில் நிலம் வாங்கிக் கட்டினார்கள். முகப்பில் ஆறு தூண்கள், நடுவில் மணிக்கூடு, மேல் யன்னல்களின் தலைப்பில் நான்கு கண்டங்களுக்கு நான்கு கல் முகங்கள். ஆசியாவின் முகத்துக்குத் தலைப்பாகையும் தடித்த மூக்கும் வைத்திருக்கிறார்கள். நான் வந்த முதல் வருடமே மாணவர்கள் என்னை "ஆசியா ஐயா" என்று கூப்பிடத் தொடங்கிவிட்டார்கள். நான் தலைப்பாகை கட்டியதே இல்லை. மூக்கைப் பற்றி மதலேன் வேறு அபிப்பிராயம் வைத்திருக்கிறாள்.

உள்ளே பெரிய மண்டபம் இந்தப் பட்டினத்து வியாபாரச் சந்தைக் கூடத்தைப் பார்த்துச் சின்னதாகச் செய்தது. இரும்புப் படிக்கட்டைக் கப்பல் கட்டுகிறவர்கள் செய்தபடியால் அதன் ஆணிகள் எல்லாம் கப்பல் ஆணிகள். மண்டபத்தைச் சுற்றியுள்ள அறைகளுக்கு லண்டன், ஹம்பேர்க், நியூயோர்க், கல்கத்தா, கொழும்பு என்று துறைமுகங்களின் பெயர். மாணவர்கள் ஒவ்வொரு அறையிலும் ஒரு கொம்பனியாக இருந்துகொண்டு அடுத்த அறைக்குக் கடிதம் எழுதி, இல்லாத சரக்கை இல்லாத கப்பலில் ஏற்றி விற்பார்கள். கொழும்பு என்ற அறை வடக்குப் பக்கம். ஒருநாளும் வெயில் படாது. அதன் குளிரை நான் முதல்முறை உணர்ந்தபோது வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். அந்த வருடம் நான் சிரித்தது அந்த ஒருதரம்தான் என்று என் நாட்குறிப்பில் இருக்கிறது.

மேல்மாடியில் சரக்கு நூதனசாலை. உலகத்துச் சரக்குகளின் மாதிரிகள் அங்கே இழுப்பு லாச்சிகளில் இருக்கின்றன. மன்னார் என்று பெயர் ஒட்டிய லாச்சியில் சங்கு, முத்துச்சிப்பி, காய்ந்த கடலட்டை. என்னை இங்கே வரவழைத்ததே இந்த லாச்சிகளை ஒழுங்காக்கத்தான். முத்துக்குளிப்பு இல்லாமல் போனதோடு மன்னார் அரசாங்கக் கச்சேரியில் எழுத்துவேலைக்காரர் சிலரை நிறுத்தினார்கள். அதில் நானும் ஒருவன். எங்கள் கிராமமான பள்ளிமுனையில் பூசை வைத்த பிரெஞ்சுச் சுவாமியாரின் தமையனார் இந்தக் கலாசாலையில் ஆசிரியர். கிழக்குத் தேசச் சரக்குத் தெரிந்த, கையெழுத்து நல்ல ஒருவன் தேவை என்று அவர் எழுதியிருந்தார். புதிதாகக் கல்யாணம் முடித்த மதலேனையும் கூட்டிக்கொண்டு வந்தேன். நான்கு வருடத்தில் லாச்சிகள் ஒழுங்காகிவிட்டன. அதன் பின் கட்டடம் முழுவதையும் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள்.

நூதனசாலையை மேல்மாடியில் வைத்ததற்குக் காரணம் பழைய பதிவேட்டில் எழுதியிருக்கிறது. கீழே ஈரம்; காய்ந்த சரக்குக்கு ஈரம் ஆகாது.

3

எங்கள் வீடு பின்முற்றத்தில், தென்மூலையில் இருக்கிறது. வந்த நாள் தொடக்கம் அதில்தான் எங்களை வைத்திருக்கிறார்கள். கலாசாலைக்கும் முந்தியது. இந்த நிலம் யாரோ ஒருவருடைய தோட்டமாக இருந்த காலத்தில் தோட்டக்காரனுக்குக் கட்டியது. இரண்டு அறை, ஒரு குசினி. கல் சுவர் ஒன்றரை அடி கனம். படுக்கையறைக்குத் தெற்குப் பார்த்த யன்னல் ஒன்று உண்டு. வெயில் உள்ள நாட்களில் காலை ஒன்பது மணி தொடக்கம் பின்னேரம் மூன்றுவரை வெயில் கட்டிலின்மேல் விழும். எங்கள் மகள் திரேசா பிறந்தது அந்த அறையில். இந்த வளவுக்குள்ளே வெயில் அத்தனை நேரம் நிற்கிற வேறு இடம் இல்லை. சிற்பியும் இல்லாமல் தூணும் இல்லாமல் தோட்டக்காரனுக்காகக் கட்டிய அந்த வீட்டைத்தான் திசை பார்த்துக் கட்டியிருக்கிறார்கள்.

மதலேனுக்கு நெஞ்சில் வருத்தம் தொடங்கி மூன்று வருடம். வைத்தியர் தருகிற மருந்து இருமலைக் கொஞ்சம் குறைக்கும். அதற்கு மேல் அவர் சொன்னது வெயிலும் ஈரமில்லாத சுவரும்தான். போன நவம்பரில் அவர் என்னைத் தனியே கூப்பிட்டு, இந்த அறையில் இருந்தால் சில வருடங்கள் என்றார். வேறு அறையென்றால் என்று நான் கேட்கவில்லை. அப்போது வேறு அறைப் பேச்சே இல்லை.

கிழக்குக் கட்டடத்தின் நிலக்கீழ் அறைகளை எனக்கு நன்றாகத் தெரியும். 1918இல் முடிந்த யுத்தத்துக்குப் பின் பழைய பதிவேடுகளை அங்கே வைத்திருந்தார்கள். ஒரு மாரி முடிவதற்குள் அட்டைகளில் பூஞ்சணம் பிடித்தது. சுவரில் எந்த உயரம்வரை ஈரம் ஏறுகிறது என்று மாதாமாதம் அளந்து, கரிக்கோட்டுடன் படமும் போட்டு, இந்த அறைகளில் காகிதம் வைக்கலாகாது என்று ஆறு பக்க அறிக்கை கொடுத்தவன் நான். சபை அதை ஏற்றுக்கொண்டது. பதிவேடுகள் மேலே போயின.

பதினெட்டு வருடத்தில் இந்த நாட்டோடு எனக்கு ஒத்துப்போனது காகிதம் ஒன்றுதான். பேச்சு ஒத்துவரவில்லை. பிரெஞ்சை நான் பதிவேடுகளிலிருந்து படித்தபடியால் என் வாயில் அது அறிவித்தல் போலத்தான் வருகிறது. வந்த புதிதில் வெதுப்பகத்துக்காரியிடம் "மேற்படி ரொட்டியில் இரண்டு" என்று கேட்டேன். இன்றைக்கும் அவள் என்னைக் கண்டால் "மேற்படி ஐயா வாறார்" என்று கடைக்குள்ளே சொல்லுகிறாள். அந்நியருக்கான அத்தாட்சி அட்டையைப் புதுப்பிக்கப் போகும்போதெல்லாம் பிறந்த இடம் மன்னார், இந்தியா என்று எழுதுவார்கள். நான் இலங்கை என்று திருத்தச் சொல்வேன். திருத்துவார்கள். அடுத்த முறை மறுபடியும் இந்தியா.

திரேசாவுக்கு இப்போது பதினாறு முடிந்து பதினேழு நடக்கிறது. ஒரு கப்பல் கொம்பனியில் தட்டெழுத்து வேலை. நான் தமிழில் கேட்டால் பிரெஞ்சில் பதில் சொல்வாள். தாயிடம் மட்டும் தமிழில் பேசுகிறாள், அதுவும் மருந்து, சாப்பாடு, நித்திரை என்ற அளவில். கந்தோர் விஷயங்களை நான் வீட்டில் பேசுவதில்லை. அவளும் தன் கந்தோரைப் பற்றிப் பேசுவதில்லை. இந்த வழக்கத்தை என்னிடமிருந்துதான் பழகியிருக்கிறாள்.

4

புதிய கட்டடத்தின் படம் ஜனவரி மாதம் வந்தது. பின்முற்றம் முழுவதையும் எடுத்து ஒரு பெரிய விரிவுரை மண்டபம். எங்கள் வீடு இருக்கிற இடத்தில் படத்தில் புள்ளிக்கோடு மட்டும் இருந்தது. இடிக்கப்படுவதைப் புள்ளிக்கோட்டால் காட்டுவார்கள்.

நூதனசாலைக்குப் பக்கத்தில், மேல்மாடியில், தெற்கே பார்த்த அறை ஒன்று பல வருடமாகப் பூட்டிக் கிடக்கிறது. அதன் திறப்பும் என் வளையத்தில்தான். அந்த அறையை எங்களுக்குத் தரவேண்டும் என்று விண்ணப்பம் எழுதினேன். கச்சேரியில் பழகிய முறைப்படி எழுதினேன்: என் சேவைக்காலம், அதற்குரிய ஆதாரங்கள், வைத்தியரின் கடிதம், பங்குச் சுவாமியாரின் கடிதம், கடைசியில் கோரிக்கை. எனக்கு நேர் மேலதிகாரியான செயலாளரிடம் கொடுத்தேன். அவர் வாசித்து, மிகவும் நன்றாக இருக்கிறது என்றார். மேலதிகாரியிடம் கொடுத்த மனு அவர் வழியாக மேலே போகும், பதில் அதே வழியாகக் கீழே வரும். இடையில் கேட்டு நச்சரிப்பது மரியாதையல்ல. நான் காத்திருந்தேன்.

பெப்ரவரி மாதம் தொடக்கத்தில், படத்தை மண்டபத்தில் வைத்து, பக்கத்தில் ஒரு புத்தகமும் வைக்கச் சொன்னார்கள். யாரும் வந்து பார்க்கலாம், ஆட்சேபம் இருந்தால் எழுதலாம், முப்பது நாள். புத்தகத்துக்குக் கோடு போட்டவன் நான். பக்கங்களுக்கு இலக்கம் இட்டவனும் நான். தினமும் எட்டு மணிக்கு அலுமாரியிலிருந்து எடுத்து மேசையில் வைத்து, மை நிரப்பி, புதுப் பேனை முனை மாட்டி, பின்னேரம் ஆறு மணிக்கு மை ஒற்றிப் பூட்டி வைத்தேன். ஒருநாளும் பிந்தவில்லை.

இருபத்துமூன்று ஆட்சேபங்கள் பதிந்தார்கள். பூமிசாத்திர ஆசிரியர், ஆசியாவின் மூக்கு உடைந்திருக்கிறது, கட்டுகிறபோது அதையும் சரிசெய்யவேண்டும் என்று எழுதினார். மாணவர்கள் சைக்கிள் நிறுத்த இடம் கேட்டார்கள். யாரோ ஒருவன் அதிபரின் தொப்பியைப் பற்றி எழுதிவிட்டுப் போனான். அழிக்க எனக்கு அதிகாரமில்லை, விட்டுவிட்டேன். மதிலுக்கு அந்தப் பக்கத்து வீட்டு விதவை ஒருத்தி வந்து, புதிய சுவர் தன் யன்னல் பூச்சட்டிகளின் வெயிலை மறைக்கும் என்று எழுதினாள். நான் அவளுக்குக் கதிரை எடுத்துப் போட்டேன். அவள் எழுதி முடிக்கும்வரை தாள் அசையாமல் பிடித்துக்கொண்டேன்.

நான் எழுதவில்லை.

ஏன் என்பதை இந்த ஊரில் எவருக்கும் விளங்கப்படுத்த முடியவில்லை. உங்களுக்கு விளங்கலாம்.

நான் மன்னார்க் கச்சேரியில் சேர்ந்த மூன்றாம் வருடம், மனுப் புத்தகம் என் மேசைக்கு வந்தது. வருகிறவனின் பேரையும் முறைப்பாட்டையும் பதியவேண்டும். பெரிய கிளாக்கர் முதல்நாளே ஒரு சட்டம் சொல்லியிருந்தார்: புத்தகம் வைத்திருக்கிறவனுக்கு அந்தப் புத்தகத்தில் வழக்கு இருக்கக் கூடாது, இருந்தால் பேனை அடுத்த மேசைக்குப் போகவேண்டும்.

அந்த வருடம் பள்ளிமுனையில் கரைவலை இழுக்கிற கடற்கரைத் துண்டான பாடு ஒன்றைப் பற்றி என் தகப்பனாரான அப்புவுக்கும் வேறொரு குடும்பத்துக்கும் பிணக்கு வந்தது. ஒரு காலை அப்பு கச்சேரிக்கு வந்து மற்றவர்களோடு வரிசையில் நின்றார். தன் முறை வந்தபோது தோளில் கிடந்த துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, என்னைப் பார்த்து, "ஐயா, ஒரு கரைவலைப் பாட்டுப் பிணக்கு, பதியவேணும்" என்றார்.

நான் தலையை நிமிர்த்தவில்லை. புத்தகத்தையும் பேனையையும் பக்கத்து மேசைக்குத் தள்ளினேன். அங்கே தாராபுரத்துக் காசிம் இருந்தான். அவன் அப்புவின் பேரைக் கேட்டு, தகப்பன் பேரைக் கேட்டு, எல்லாம் எழுதி, பெருவிரல் அடையாளம் வாங்கினான். அப்பு போன பிறகுதான் என் காதுக்குள் சொன்னான்: "சொந்த வாப்பாவை எனக்குத் தள்ளிவிட்டாய் என்ன? பின்னேரம் பள்ளிமுனைக்கு வாறன், நான்தான் மூத்த மோன் எண்டு சொல்லி மீன் வாங்கிக்கொண்டு போறன்."

வீட்டில் அப்பு கோபமாக இருப்பார் என்று பயந்துகொண்டு போனேன். அவர் கடற்கரையில் ஆட்களைக் கூட்டி வைத்துச் சொல்லிக்கொண்டிருந்தார்: "என்ர மோன் என்னை ஆரெண்டு கூடப் பாக்கேல்லை. உத்தியோகம் எண்டால் அப்பிடித்தான் இருக்கவேணும்."

அந்தச் சொல்லோடு வளர்ந்த கை என்னுடையது. இருபத்தைந்து வருடம் கழித்து, கடலுக்கு அப்பால், என் சொந்த வீட்டைப் பற்றிய புத்தகத்துக்கு முன்னால் இருந்தபோதும் அது அசையவில்லை.

பத்தொன்பதாம் நாள், கொதிகலன் பார்க்கிற இவோன் கரிக் கையைத் துடைத்துக்கொண்டு மண்டபத்துக்கு வந்தான். மேற்குக் கரைப் பிரெத்தோன் இனத்து மீன்பிடிக் குடும்பத்தவன், எழுத்து அரைகுறை. உன் வீட்டைப் பற்றி ஒருவரும் எழுதவில்லையே, நீ சொல்லு, நான் கிறுக்குகிறேன் என்றான். எனக்குக் கீழே வேலை செய்கிறவனைக் கொண்டு என் வழக்கை எழுதுவிப்பது இன்னும் பெரிய பிழை என்று சொல்லி அனுப்பிவிட்டேன். உங்கள் தீவில் எல்லாரும் இப்படியா என்று கேட்டுவிட்டுப் போனான்.

இப்போது இருந்து யோசிக்கும்போது விளங்குகிறது. அந்தச் சட்டம் கச்சேரியில் சரியாக நடந்ததற்குக் காரணம், பேனையைத் தள்ளினால் வாங்கிக்கொள்ளப் பக்கத்துக் கதிரையில் காசிம் இருந்தான். இங்கே என் பக்கத்தில் கதிரையே இல்லை. நான் கடல் கடந்து வந்துவிட்டேன், சட்டத்தையும் கொண்டுவந்தேன். அடுத்த மேசையைக் கொண்டுவரவில்லை.

5

தாளைக் குத்திய அன்று பதினொன்றே காலுக்குச் செயலாளரின் அறைக்குப் போனேன். அவர் கெட்ட மனுசன் அல்ல. என்னைக் கதிரையில் இருக்கச் சொன்னார். பதினெட்டு வருடத்தில் அந்த அறையில் நான் இருந்தது அன்றுதான்.

என் விண்ணப்பம் என்னவாயிற்று என்று கேட்டேன். லாச்சியைத் திறந்து காட்டினார். நான் கட்டிய நாடா அவிழாமல் அங்கே இருந்தது. ஒரு தரம் அவிழ்த்து மறுபடி கட்டினால் முடிச்சு வேறாக இருக்கும், என் முடிச்சேதான். அன்று என் முன்னால் அவர் வாசித்தது மேல்தாளை மட்டும்.

"தனிக் கடிதங்களைச் சபை பார்ப்பதில்லை. அதற்காகத்தானே புத்தகம் வைத்தது? அதில் எழுதப்பட்ட இருபத்துமூன்றையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பேசினார்கள். பக்கத்து வீட்டு அம்மாவுக்காகச் சுவரின் உயரத்தை ஒரு மீற்றர் குறைத்துவிட்டார்கள். நீங்கள் எழுதாதபடியால் உங்களுக்குச் சம்மதம் என்று நானே சபையில் சொன்னேன்."

சம்மதம் இல்லை என்றேன்.

"புத்தகம் உங்கள் மேசையில்தானே இருந்தது?" என்றார். குத்திக் கேட்கவில்லை. விளங்காமல்தான் கேட்டார்.

மேல்மாடி அறையைப் பற்றிக் கேட்டேன். அதை ஏழாவது முடிவின்படி மாணவர் சங்கத்துக்குக் கொடுத்தாயிற்று என்றார். அவர்கள் புத்தகத்தில் கேட்டிருந்தார்கள். நிலக்கீழ் அறைகளின் ஈரத்தைப் பற்றி நான் கொடுத்த அறிக்கையை நினைவூட்டினேன். அது காகிதத்துக்கான அறிக்கை என்றார். சபை மறுபடி எப்போது கூடும் என்று கேட்டேன். கூடும், ஆனால் முடிந்த முடிவைத் திறப்பதில்லை. புத்தகம் மூடிய திகதியோடு எல்லாம் மூடியது. மூடி, கடைசி வரிக்குக் கீழே கோடு கீறியவன் நானே.

எழுந்தேன். கதிரையை இருந்த இடத்தில் வைத்தேன்.

6

பின்னேரம் ஆறரைக்குத் திரேசா வேலையால் வந்தாள். மூன்று பேரும் சாப்பிட இருந்தபோது சொன்னேன். எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன்: படம், விண்ணப்பம், புத்தகம், சபை, லாச்சி. கந்தோர் விஷயத்தை வீட்டுக்குள் பேசியது அதுதான் முதல்தரம்.

திரேசா கரண்டியை வைத்துவிட்டாள். பிரெஞ்சில்தான் தொடங்கினாள். தான் இந்தக் கலாசாலையில் வேலை செய்கிறவள் அல்ல, தனக்கு எந்தத் தடையும் இல்லை, மதிய இடைவேளையில் ஓடிவந்து எழுதியிருப்பேன், ஐந்து நிமிட வேலை என்றாள். முப்பது நாளும் தினம் இரண்டு தரம் அந்தப் படத்தைக் கடந்து போயிருக்கிறாள். புள்ளிக்கோட்டின் அர்த்தம் அவளுக்குத் தெரியாது. பிறகு தமிழுக்கு மாறினாள். எனக்கு அவள் தமிழில் எதுவும் சொல்லி எத்தனையோ மாதம்.

"பப்பா, எனக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம்."

 பக்கத்துக் கதிரை எனக்கு இருந்தது. நான்கு பேர் சாப்பிடக்கூடிய எங்கள் மேசையில், திரேசா இருக்கிற கதிரை, என் வலக்கைப் பக்கத்தில். பிள்ளை என்பதால் அதை நான் எண்ணவில்லை.

அவள் நிலத்துக்குக் கீழே வரமாட்டாளாம். தன்னோடு வேலை செய்கிற ஒரு பெண்ணோடு அறை எடுக்கப் போவதாகச் சொன்னாள். அதைப் பற்றி முன்பே பேசி வைத்திருக்கிறாள் என்பது குரலில் தெரிந்தது. அந்தப் பெண் இல்லாவிட்டாலும் சரி, அம்மாவைத் தன்னோடு கூட்டிக்கொண்டு போகலாம், நல்ல வெயில், இரண்டு கட்டில் போடலாம் என்றாள். மூன்றாவது கட்டிலுக்கு இடமில்லை என்பதை அவள் சொல்லவில்லை.

"எத்தினையாம் மாடி பிள்ளை?" என்று மதலேன் கேட்டாள்.

"நாலு."

"வீட்டிலயிருந்து கோயிலுக்குப் போக நான் ரெண்டு இடத்தில நிக்கிறன். நாலு மாடி ஏறினால் ஏறினதுதான். பிறகு பெட்டியிலதான் இறக்கவேணும். நீ போ, மோள். நீ போறது நல்லது."

திரேசா அழுதாள். அவள் வாயிலிருந்து வருகிறவற்றில் பிரெஞ்சா தமிழா என்று சொல்லமுடியாதது அந்த அழுகை ஒன்றுதான். மாத முடிவில் போகிறாள். திகதி 31, வியாழக்கிழமை.

அவள் அறைக்குள் போன பிறகு மதலேன் கோப்பையை எடுத்து மிச்சத்தைக் குடித்தாள். அவளுக்கு வைத்தியர் என்னிடம் சொன்னது தெரியாது என்றுதான் நான் நினைத்திருந்தேன். இருந்தாற்போல் கேட்டாள்.

"இஞ்சாருங்கோ, அந்தப் பக்கத்து வீட்டு மனுசி என்னெண்டு எழுதினவ?"

"தன்ர பூச்சட்டிக்கு வெயில் மறைக்குமெண்டு."

"எத்தினை வரி?"

"மூண்டு."

"மூண்டு வரியோ" என்றாள். சிரித்தாள். சிரிப்பு இருமலாகி நெடுநேரம் நிற்கவில்லை. நெஞ்சைத் தடவிவிட்டேன். மூச்சு வந்ததும், "நீங்கள் எத்தினை பக்கம் எழுதினீங்கள், அந்த விண்ணப்பம்?" என்றாள்.

"ஒன்பது."

"வடிவா எழுதியிருப்பீங்கள்" என்றாள். அதில் பகிடி இருந்ததா என்று நான் அவள் முகத்தைப் பார்த்தேன். இல்லை. உண்மையாகவே சொன்னாள். அவள் ஏசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும்.

செபமாலை சொன்னோம். திங்கட்கிழமையானாலும் தபசு காலம் என்பதால் துக்க தேவ இரகசியம் ஐந்து. எட்டு முப்பத்தைந்துக்கு விளக்கை அணைத்தேன்.

இதை வாசிக்கிறவர்களில் யாராவது பிள்ளைகளை இந்தப் பக்கத்துக்கு அனுப்ப நினைத்திருந்தால், அனுப்புங்கள் என்றும் அனுப்பாதீர்கள் என்றும் சொல்ல எனக்குத் தகுதியில்லை. இங்கே யாரும் எனக்கு அநியாயம் செய்யவில்லை. கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தார்கள். உடைந்த கல் மூக்குக்குக்கூட ஆள் வரப்போகிறான். கேட்கிற இடம் எது என்பது பதினான்கு வருடம் அந்த இடத்தைக் கூட்டித் துடைத்தவனுக்குத் தெரியாமல் போயிற்று. ஜூனில் கீழே போவோம். அதன் பின் வருவது மாரி. அதற்கு மேல் என் நாட்குறிப்பில் பக்கங்கள் இருக்கின்றன, எழுதுவதற்கு என்ன இருக்கும் என்பது எனக்குத் தெரிந்திருக்கிறது.

மார்ச் 15, செவ்வாய்க்கிழமை. ஐந்து பத்துக்கு எழுந்து அடுப்பை மூட்டும் முன்னரே கதவில் தட்டுக் கேட்டது. கட்டடக்காரரின் அளவுகாரன். வகுப்புத் தொடங்குமுன் அளந்து முடிக்கச் சொல்லியிருக்கிறார்களாம். தனியாக வந்திருந்தான், நாடாவின் மறுமுனையைப் பிடிக்க ஆள் இல்லை. நான் பிடித்தேன். படுக்கையறையில் யன்னல் சுவரிலிருந்து கதவுச் சுவர்வரை, கட்டிலுக்கு மேலால் நாடா போகவேண்டியிருந்தது. மதலேன் எழும்பாமல் கால்களை மடக்கிக்கொண்டாள். அவன் தன் பக்கத்தில் பார்த்து மூன்று மீற்றர் எண்பது என்று எழுதப் போனான். என் பக்கத்தில் நாடா சுவரைத் தொடவில்லை. இழுத்துப் பிடித்துப் பார்த்தேன். மூன்று எண்பத்திரண்டு என்றேன். அவன் எண்பதை வெட்டிவிட்டு எண்பத்திரண்டு என்று எழுதிக்கொண்டான்.